பிக்சல்மாடு யாருக்கு

“அடியில பேரு என்ன போடுறது?” என்று ரம்யாஸ்ரீ கேட்டாள்.

“என்.கே.ன்னு போடு.”

“அது உங்க பேராச்சே. நாகசுப்பிரமணியன் மகன் கார்த்திகேஷ்.”

“நம்ம பேருன்னு வச்சுக்க. கேம் செய்தி படிக்கிறவன் பூராம் பசங்க. ரம்யாஸ்ரீன்னு போட்டா கோலப்போட்டிச் செய்தின்னு நெனச்சுட்டுப் போயிருவான்.”

“எழுதினது நானு.”

“இல்லன்னு யாரு சொன்னா? நீ வேற நான் வேறயா?”

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அது. பேசியது சௌராஷ்டிரத்தில், அவர்கள் வீட்டு மொழியில். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த கார்த்திகேஷின் பிரௌசிங் சென்டரில், மதியம் ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தார்கள். ‘நீ வேற நான் வேறயா’ என்று அவன் கேட்ட குரலில் புதுப்பெண் கரைந்துபோனாள். ‘வேறதான். இது எனக்கும் சொந்தம்னு இருக்கட்டும், என் பேரப் போடுங்க’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, என்.கே. என்று இரண்டே எழுத்தைத் தட்டினாள்.

இப்போது அதே கடைக்குத்தான் அவனுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் அவளுடைய கைப்பை இருந்தது. செல்லூரில் கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பாலத்தில் டவுன் பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனபோது மட்டும் “பிடிச்சுக்க” என்றான். அவள் ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் கூட்டாளி அழகுபாண்டி காத்திருப்பான். பிக்சல்மாடு என்ற அந்த வலைத்தளத்தை என்ன செய்வது என்று இன்று முடிவாக வேண்டும். அழகுபாண்டிக்கு அதை விற்க வேண்டும். கார்த்திகேஷுக்கு அது செத்தால் போதும். அவளுக்கு அது தன்னுடையதாக வேண்டும். ஆனால் அவளை யாரும் கேட்கப்போவதில்லை. வரச் சொன்னதே, தளத்தை இன்னொருவர் பேருக்கு மாற்றும் பாஸ்வேர்டு, பதிவு செய்த அன்று அதைப் போட்ட அவளுக்கு மட்டும் தெரியும் என்பதால்தான்.

பெயர் வைத்தவன் அழகுபாண்டி. கீழக்குயில்குடிக்காரன், கார்த்திகேஷோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், கம்ப்யூட்டர் ரிப்பேரில் கெட்டிக்காரன். அவனும் கார்த்திகேஷும் சேர்ந்துதான் கடை போட்டிருந்தார்கள். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன ஒரு காளை, கொம்பைத் தாழ்த்தி நிற்கிற மாதிரி கார்த்திகேஷ் வரைந்தான். தளம் ஆங்கிலத்தில் இருந்ததால் ‘மாடு’ என்பது ஜப்பானிய வார்த்தை என்று நினைத்த வெளிநாட்டு வாசகர்கள் நிறைய. “இல்லன்னு சொல்லிப்புடாத தங்கச்சி, நெனச்சுட்டுப் போகட்டும். கௌரவமாத்தான இருக்கு” என்றான் அழகுபாண்டி.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். வீடியோ கேம் செய்திகளுக்கென்று தனியாகத் தளம் நடத்துகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். மதுரையிலிருந்து ஒருவர் நடத்துவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். என்ன புது கேம் வருகிறது, எது தள்ளிப்போகிறது, எது தேறாது என்று அவள் தினமும் எழுதினாள். டயல்-அப் இணைப்பு தறி நூல் மாதிரி அறுந்து அறுந்து வரும். அறுந்தால் மறுபடி முடிச்சுப் போட வேண்டும். வீட்டில் காலைச் சமையலை முடித்துவிட்டு, மதியம் கடைக்கு வந்து, டெமோ சிடிகளைப் போட்டு விளையாடிப் பார்த்துவிட்டு எழுதுவாள்.

எழுத்தில் ஒரு குறும்பு இருந்தது. ஒரு விளையாட்டின் கடைசியில் வருகிற அரக்கியைப் பற்றி, ‘என் மாமியார் இதைவிடச் சீக்கிரம் கோபப்படுவார், இதைவிட மெதுவாகச் சமாதானமாவார், இந்த அரக்கிக்கு உயிர்களும் குறைவு’ என்று எழுதினாள். வாசகர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. வாரம் ஒருமுறையாவது மாமியார் வராவிட்டால் எங்கே என்று கேட்டார்கள். மாமியாரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற வாலிபன் ஒருவன்தான் என்.கே. என்பது அவர்கள் எண்ணம். அந்த மாமியார் சீதாலட்சுமி செல்லூர் வீட்டு வாசலில் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கலிபோர்னியாவிலிருந்து வரும் சிடிகளை வாங்கி, “சினிமாப் பாட்டு கேட்டே குடும்பம் அழியுது” என்று திட்டிக்கொண்டே டிவி பெட்டிமேல் வைப்பாள்.

இரண்டாவது வருடம் கம்பெனிகளே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கின. விளம்பரம் வந்தது. கடையில் ஏசி வந்தது. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் என்.கே. என்று கார்த்திகேஷின் படம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். படம் எடுத்தபோது ரம்யாஸ்ரீ திரைக்குப் பின்னால் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ‘இப்பக் கேட்டா பொறாமைன்னு நெனைப்பாரு’ என்று தள்ளிப்போட்டாள்.

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரியில் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, அடுத்து வரப்போகிற தன் விளையாட்டின் படங்களையும் விவரங்களையும் அனுப்பியது. நம்பிக்கையானவர்கள் என்று பொறுக்கியெடுத்த சில தளங்களுக்கு மட்டும். 05/03/2001 வரை யாரும் வெளியிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை.

“அஞ்சு மூணு” என்று கார்த்திகேஷ் படித்தான்.

“மார்ச் அஞ்சு, திங்கக்கெழம” என்றாள் ரம்யாஸ்ரீ, காலண்டரைப் பார்த்து.

“கெழம நல்லாத்தான் இருக்கு” என்றான் அழகுபாண்டி.

மூன்று பேரும் படித்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே அர்த்தம்தான். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை முதலில் தேதி, அப்புறம் மாதம் என்றே எழுதிப் பழகிய ஊர். அமெரிக்காக்காரன் மாதத்தை முன்னால் எழுதுவான் என்றோ, அவன் சொன்னது மே மூன்று என்றோ அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிந்ததும் கார்த்திகேஷ் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு வெளியிட்டான். வேறு எந்தத் தளத்திலும் அந்தச் செய்தி இல்லை.

“இன்னும் ஒருத்தனும் போடலயே” என்றாள் ரம்யாஸ்ரீ.

“அமெரிக்காவுல இப்ப ராத்திரி. எந்திரிச்சு வந்து அழுவாய்ங்க” என்றான் அழகுபாண்டி. அன்று மாலை எல்லோருக்கும் புரோட்டா வாங்கினான்.

எழுந்து வந்தவர்கள் அழவில்லை. திருடன் என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத நாட்டுக்காரன் என்றார்கள். வேறு தளங்கள் பிக்சல்மாட்டை வைத்து நாள் முழுக்கச் சிரித்தன. கம்பெனியின் வக்கீல் எழுதினார். விளம்பரம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வசவு மின்னஞ்சல் வந்து குவிந்து, கடையின் இணைப்பு அதை இறக்கி முடிக்கவே மத்தியானமானது. அவற்றில் பாதி மாமியாரைப் பற்றியது.

மறுநாள் கார்த்திகேஷ் தளத்தின் முகப்பில் ஒரு மன்னிப்பு போட்டான். ரம்யாஸ்ரீயிடம் காட்டவில்லை. மற்ற வாசகர்களைப் போலவே அவளும் அதைத் திரையில்தான் படித்தாள்.

‘இது எங்களிடம் பணிபுரிந்த ஜூனியர் எழுத்தாளர் ஒருவரின் கவனக்குறைவு. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம். வருந்துகிறேன். - என்.கே.’

மூன்று தடவை படித்தாள். அந்தத் தளத்தில் அவளைப் பற்றி வந்த முதல் வரி அது. அதில் அவள் கவனமில்லாதவள், வேலை போனவள். நீக்கியது என்.கே. இத்தனை நாள் அவள் கையால் எழுதிய என்.கே.

“யாரு அந்த ஜூனியர்?” என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

“சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது. பேரு சொல்லலையே.”

“எப்பவுமே சொல்லலையே.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, “இப்ப இதையா புடிச்சுத் தொங்குவ? தலைக்கு மேல வெள்ளம் போகுது” என்றான்.

அவள் கேட்டது தமிழில். அதை அவன் கவனிக்கவில்லை, சீதாலட்சுமி கவனித்தாள். அந்த வீட்டில் தமிழ் என்பது பால்காரருக்கும், தறிக்கு வரும் ஆட்களுக்கும், கரண்ட் பில் எடுக்க வருகிறவருக்கும் உரியது. அன்றிலிருந்து ரம்யாஸ்ரீ புருஷனிடம் வீட்டு மொழியில் பேசவில்லை. ‘காபி ஆறுது’, ‘உங்களுக்கு போன்’, ‘நான் கடைக்கு வரல’. ஒவ்வொன்றும் வாசலில் நிற்கும் அந்நியரிடம் சொல்வது மாதிரி, சுத்தமான மதுரைத் தமிழில்.

“கட்டின புருஷன்கிட்ட இப்பிடியா பேசுவாக? பக்கத்து வீட்டுல என்ன நெனைப்பாக?” என்றாள் சீதாலட்சுமி.

“பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் புரியணும்னுதான் அத்தை பேசுறேன்.”

எழுதுவதையும் நிறுத்திவிட்டாள். கார்த்திகேஷ் தானே எழுதிப் பார்த்தான். அவன் எழுதியது டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருந்தது. மிச்சமிருந்த வாசகர்கள், என்.கே.வுக்கு என்ன ஆயிற்று, மாமியார் இறந்துவிட்டாரா என்று கேட்டார்கள். சித்திரைத் திருவிழா தொடங்கி, ஊரே தேரோடும் வீதியில் திரண்டிருந்த மே மூன்றாம் தேதி, மற்ற தளங்களெல்லாம் அந்தச் செய்தியை முறைப்படி வெளியிட்டன. காலியான கடையில் உட்கார்ந்து கார்த்திகேஷ் அவற்றை ஒன்றுவிடாமல் படித்தான். அதற்குப்பின் அவனும் நிறுத்திவிட்டான். முகப்பில் அந்த மன்னிப்பு மட்டும் மாதக்கணக்காக நின்றது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அழகுபாண்டி குனிந்து வெளியே பார்த்து, “வா தங்கச்சி” என்றான். கார்த்திகேஷை வா என்று சொல்லவில்லை.

“சீக்கிரம் முடி. வேல கெடக்கு” என்றான் கார்த்திகேஷ்.

“என்ன வேல மாப்ள? ஏசித் தண்ணியப் புடிச்சு வெளிய ஊத்துற வேலையா?”

“நக்கல் அடிக்கவா கூப்பிட்ட?”

“நான் நக்கல் அடிக்கக் கூடாது. நீ ஒலகம் பூராம் நம்மள நாறடிக்கலாம்.” அழகுபாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “சென்னைல ஒருத்தன் நம்ம தளத்தோட பேரை வெலைக்குக் கேக்குறான். செல்போனுக்குப் பாட்டு, படம் விக்கிறவன். மாடுன்னா கிராமத்துப் பக்கம் எடுபடும்கிறான். குடுத்துட்டு ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டுப் போவோம்.”

“குடுக்க மாட்டேன்.”

“அடுத்த மாசம் பதிவு முடியுது. புதுப்பிக்கப் போறியா?”

“இல்ல.”

“பின்ன?”

“சாகட்டும்.”

“எம்புட்டுத் திமிரு பாரு.” அழகுபாண்டி ரம்யாஸ்ரீயைப் பார்த்துச் சொன்னான். “வெதச்சது மூணு பேரு. கருக விடுறது இவன் ஒருத்தன்.”

“பேரு எம்பேருல பதிவாயிருக்கு.”

“பேரு வச்சது நான்டா.”

“மாடுன்னு வச்ச. வேற என்ன தெரியும் உனக்கு? உங்க ஊருல வேற என்ன இருக்கு?”

அழகுபாண்டி எழுந்துவிட்டான். “எங்க ஊருல வாக்குக் குடுத்தா நிப்பாய்ங்க. வீட்டுப் பொம்பளயக் காட்டிக் குடுத்துட்டு அவ முதுகுக்குப் பின்னால ஒளிய மாட்டாய்ங்க.”

“வார்த்தைய அளந்து பேசு.”

“நீ அளந்தியா? ஜூனியர்னு எழுதுனியே, அன்னைக்கு அளந்தியா? நானும்தான் அஞ்சு மூணுன்னு படிச்சேன். என்னையப் போட்டிருக்கலாம்ல? அழகுபாண்டின்னு எம்பேரையே போட்டிருக்கலாம். போட்டா நான் வந்து கேப்பேன், சட்டையப் புடிப்பேன். தங்கச்சி கேக்காது. அதான.”

கார்த்திகேஷ் மேஜைமேல் இருந்த மவுஸ் பேடை நேராக வைத்தான், மறுபடி நகர்த்தினான். அவன் காது மடல் சிவந்திருந்தது. கோபம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் அவனுக்கு அங்கேதான் தெரியும் என்று ரம்யாஸ்ரீக்குத் தெரியும். எது என்று இன்று அவளால் சொல்ல முடியவில்லை.

“நீ ரொம்ப யோக்கியன்” என்றான் கடைசியில். “சம்பளம் போடணும்னு ஒரு நாளாவது சொன்னியா அவளுக்கு? தங்கச்சி தங்கச்சின்னு டீ வாங்கிட்டு வரச் சொன்னவன்தான நீயும்.”

அழகுபாண்டி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். ஷட்டருக்கு வெளியே பெரியகுளம் வண்டிக்கு ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி நிரம்பிச் சந்தில் வழிந்தது.

ரம்யாஸ்ரீ வந்ததிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்தாள். இருவரும் தனக்காகப் பேசுவது போலப் பேசினார்கள். ஆனால் ஒருவன் முகம் மற்றவனைப் பார்த்தே இருந்தது. அவள் அவர்கள் கையில் மாறி மாறிப் போகும் ஒரு கல். யார் எறிந்தாலும் மற்றவன்மேல்தான் படும்.

“சரி, பேசிப் பிரயோஜனம் இல்ல” என்றான் அழகுபாண்டி. “தங்கச்சி, பாஸ்வேர்டைச் சொல்லு. நான் மாத்தி அந்த ஆளுக்கு அனுப்பிக்கிறேன். இவன் கேஸ் போடட்டும், நான் பாத்துக்கிறேன்.”

கார்த்திகேஷ் சட்டென்று அவள் பக்கம் திரும்பி, சௌராஷ்டிரத்தில் பேசினான். தணிந்த குரலில், வேகமாக. அவனிடம் சொல்லாதே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம், நீ வேற நான் வேறயா.

“பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்” என்றான் அழகுபாண்டி. “மூணு வருசமா என்னைய நடுவுல உக்கார வச்சுக்கிட்டு இப்பிடித்தான். என்ன சொல்றான்னு எனக்கும் சொல்லு தங்கச்சி.”

ரம்யாஸ்ரீ கைப்பையை மேஜைமேல் வைத்தாள்.

“சொல்றேன்ணே. நீ வேற நான் வேறயான்னு கேக்குறாரு.” அவள் கணவனைப் பார்த்தாள். “இதே எடத்துல முன்னாடியும் கேட்டாரு. அன்னைக்கு நான் பதில் சொல்லல.”

“ரம்யா, வேணாம்” என்றான் கார்த்திகேஷ். இந்த முறை தமிழில்.

“நான் வேறதாங்க. நீங்கதான் ஒலகத்துக்கு எழுதிப் போட்டீங்க, நான் வேற, ஜூனியர்னு. அதுல எனக்கு ஒரு நல்லது ஆச்சு. யாரு எழுதுனா மாடு நிக்கும், யாரு எழுதாட்டி படுத்துக்கும்னு ஆறு மாசத்துல தெரிஞ்சுபோச்சு.”

“அத யாரு இல்லன்னா?”

“யாரும் இல்லன்னு சொல்றதில்ல. ஆமான்னும் சொல்றதில்ல.”

அழகுபாண்டி லேசாகச் சிரித்தான். அவள் அவன் பக்கமும் திரும்பினாள்.

“சிரிக்காதீங்கண்ணே. நீங்க வித்துட்டா அதுல சினிமாப் பாட்டு ஓடும். நான் எழுதுனதப் பூராம் அழிச்சுப்புட்டு ஓடும். எனக்காகச் சண்ட போடுறீங்க, ஆனா எனக்கு என்ன வேணும்னு நீங்களும் கேக்கல.”

அவன் சிரிப்பு நின்றது. “வித்த காசுல ஒனக்கும் பங்கு குடுக்கிறேன் தங்கச்சி.”

“காசு கேக்க வரல.”

“வேற என்னதான் வேணும் ஒனக்கு?” என்றான் கார்த்திகேஷ். எரிச்சலாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டான். அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வந்ததே அவளுக்குப் புதிதாக இருந்தது. அழுதால் எல்லாம் போய்விடும், இரண்டு பேரும் சேர்ந்து அவளைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

“பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்கு” என்றாள். “இன்னைக்குக் காலைலயே அந்த மன்னிப்பைத் தூக்கிட்டு எம்பேரைப் போட்டிருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் பாக்கக்கூட மாட்டீங்க. ஆனா ஒளிஞ்சுக்கிட்டு எடுத்தா அதுவும் என்.கே. மாதிரிதான் இருக்கும். கேட்டு வாங்கணும்னு இருந்தேன்.”

கார்த்திகேஷ் வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“விக்கவும் வேணாம், சாக விடவும் வேணாம். மாட்டை எனக்குக் குடுங்க. ரம்யாஸ்ரீங்கிற எம்பேருல எழுதிக் குடுங்க.”